ஊசிக்கு யார் காசு கொடுப்பது?

1988 ஆகஸ்ட். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா என்றொரு நகரம். டேவ் பர்சேஸ் என்பவர் ஊர் நடுவே ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எதிரே, வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டே சாப்பிட வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஒரு சின்ன மேசை. அதன்மேல் புத்தம்புது ஊசிகள். போதை மருந்தை ஊசியில் ஏற்றிக்கொள்கிறவர்கள் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொண்டு போகலாம். ஒரே ஊசி பல கை மாறுவதால் எச்.ஐ.வி. பரவுகிறது என்பது அப்போதே தெரிந்த விஷயம். ஊசிகளை அவர் தன் கைக்காசில் வாங்கியிருந்தார்.

அதே ஆண்டில் அமெரிக்க காங்கிரஸ், மத்திய அரசுப் பணத்தை ஊசி கொடுக்கும் திட்டங்களுக்குச் செலவிடக் கூடாது என்று தடை போட்டது. தடை 2009-இல் நீங்கியது, 2011-இல் திரும்பி வந்தது, 2015 கடைசியில் பாதி தளர்ந்தது. அந்தப் பாதித் தளர்வைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். மத்திய அரசுப் பணத்தில் ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கலாம், வண்டி ஓட்டலாம், பரிசோதனை நடத்தலாம். ஊசியை மட்டும் வாங்கக் கூடாது. தொற்றைத் தடுக்கிற அந்த ஒரு பொருளுக்கான காசு வேறு எங்கிருந்தாவது வரவேண்டும்.

எச்.ஐ.வி.க்குக் கொடுக்கப்படும் நன்கொடைப் பணத்துக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் நான் இந்த ஊசியைத்தான் காட்டுவேன்.

ஏனென்றால் அளவை வைத்துப் பார்த்தால் நன்கொடை மிகச் சிறியது. ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பான யு.என்.எய்ட்ஸ் கணக்குப்படி, ஏழை நாடுகளிலும் நடுத்தர வருவாய் நாடுகளிலும் 2024-இல் எச்.ஐ.வி.க்காகத் திரண்ட பணம் 1,870 கோடி டாலர். இதில் பாதிக்குச் சற்று மேல் அந்தந்த நாடுகளே போட்டது. வெளியிலிருந்து வந்ததில் சுமார் முக்கால் பங்கு அமெரிக்க அரசு ஒன்றே கொடுத்தது. உலகத்தில் இருக்கிற தனியார் அறக்கட்டளைகள், கம்பெனிகளின் நன்கொடைகள், கலைஞர்கள் தொடங்கிய நிதியங்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் வருடத்துக்குச் சில பத்துக் கோடி டாலர்தான் வரும். சிகிச்சையின் பெரும்பாரத்தை நன்கொடையால் தூக்க முடியாது. 2024 கடைசியில் உலகில் எச்.ஐ.வி.யோடு வாழ்ந்த 4 கோடியே 8 லட்சம் பேரில் 3 கோடியே 16 லட்சம் பேர் மாத்திரை சாப்பிட்டார்கள் என்றால் அது அரசுகளின் பணத்தால் நடந்தது. அரசுப் பணம் போகத் தயங்குகிற சந்து ஒன்று இருக்கிறது. நன்கொடை அங்கே போகிறதா என்பதுதான் கேள்வி.

அந்தச் சந்தில் யார் இருக்கிறார்கள்? பாலியல் தொழிலாளர்கள், ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள், திருநங்கைகள், ஊசியில் போதை ஏற்றிக்கொள்பவர்கள், சிறையில் இருப்பவர்கள். 2022-இல் உலகில் புதிதாக எச்.ஐ.வி. தொற்றியவர்களில் 55 சதவீதம் பேர் இவர்களும் இவர்களுடைய துணைகளும்தான். சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே இருக்கும் ஆப்பிரிக்க நாடுகளை விட்டுவிட்டுப் பார்த்தால் இது 80 சதவீதம். பொதுமக்களில் இருப்பதைப்போல 14 மடங்கு தொற்று திருநர்களிடமும், 11 மடங்கு ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களிடமும், 7 மடங்கு ஊசிப் பழக்கம் உள்ளவர்களிடமும், 4 மடங்கு பாலியல் தொழிலாளர்களிடமும் இருக்கிறது. ஆனால் நெதர்லாந்தின் எய்ட்ஸ்ஃபாண்ட்ஸ் அமைப்பு 2016 முதல் 2018 வரையான கணக்கை எடுத்துப் பார்த்தபோது, எச்.ஐ.வி.க்கான மொத்தப் பணத்தில் இந்த மக்களுக்கென்றே நடக்கும் திட்டங்களுக்குப் போனது 2 சதவீதம். பாதித் தொற்றுக்கு மேல் ஓரிடத்தில், பணம் வேறிடத்தில்.

இதற்குக் காரணம் கேட்டால் கெட்ட மனசு என்று ஒரு வார்த்தையில் முடிப்பவர்கள் உண்டு. வெறுப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நல்ல மனசோடு கொடுத்த பணமும் வழியிலேயே கரைகிறது. ஒரு பணக்கார நாட்டு அரசு சர்வதேச நிதியத்துக்குக் கொடுக்கும். நிதியம் உதவி பெறும் நாட்டில் ஒரு முதன்மைப் பெறுநரைத் தேர்ந்தெடுக்கும். அது சுகாதார அமைச்சகமாகவோ பெரிய தொண்டு நிறுவனமாகவோ இருக்கும். அவர்களுக்குக் கீழே துணைப் பெறுநர், அதற்கும் கீழே இன்னொருவர். ஒவ்வொரு படியிலும் அலுவலகச் செலவு, தணிக்கைச் செலவு, பயிற்சிச் செலவு. கடைசிப் படியில் இருப்பதுதான் இந்த மக்களே நடத்தும் சங்கம். அவர்கள் கைக்கு வருவது ஒரு வருட ஒப்பந்தம். அது முடிந்து அடுத்தது கையெழுத்தாவதற்குள் மூன்று நான்கு மாதம் ஓடிவிடும். அந்த மாதங்களில் களப்பணியாளர்கள் சம்பளம் இல்லாமல் வேலை செய்வார்கள். அந்த இடைவெளியில் நோயாளிகளை அப்படியே விட்டுவிட்டுப் போக அவர்களால் முடியாது, ஏனென்றால் நோயாளிகள் அவர்களுடைய அக்கா தங்கைகள், அண்ணன் தம்பிகள்.

அந்தக் கடைசிப் படியில்கூட எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. மானியம் வாங்கப் பதிவுச் சான்றிதழ் வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், மூன்று வருடத் தணிக்கை அறிக்கை வேண்டும். ஒருபால் உறவு குற்றம் என்று சட்டம் சொல்லும் நாடுகள் இன்றும் அறுபதுக்கு மேல் இருக்கின்றன. அங்கே அப்படி ஒரு சங்கத்தை யார் பதிவு செய்து கொடுப்பார்கள்? ‘இளைஞர் சுகாதாரம்’, ‘மகளிர் நலம்’ என்று ஏதோ ஒரு பெயரில் பதிவு செய்துகொண்டு, உண்மையான வேலையை வாய்மொழியில் மட்டும் வைத்துக்கொண்டு நடத்த வேண்டியிருக்கிறது. தாளில் எதையும் எழுதக் கூடாத சங்கத்திடம் எல்லாவற்றையும் தாளில் கேட்கிறது மானிய விதி.

பணத்தோடு நிபந்தனையும் வரும். 2003-இல் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் மற்ற நாடுகளின் எச்.ஐ.வி. பணிக்கு உதவத் தொடங்கிய பெப்ஃபார் திட்டம் கோடிக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது; எச்.ஐ.வி. வரலாற்றில் ஒரு நாடு செய்த மிகப்பெரிய உதவி அது. அந்தத் திட்டத்துக்கான சட்டத்தில் ஒரு பிரிவு: பணம் வாங்கும் அமைப்பு, தான் பாலியல் தொழிலை எதிர்ப்பதாக வெளிப்படையாகக் கொள்கை வைத்திருக்க வேண்டும். பாலியல் தொழிலாளர்களே நடத்தும் சங்கம் இதில் எப்படிக் கையெழுத்துப் போடும்? 2005-இல் பிரேசில் அரசு, பாலியல் தொழிலாளர்கள் எங்கள் எய்ட்ஸ் பணியின் கூட்டாளிகள், அவர்களை இழிவுபடுத்தும் தாளில் கையெழுத்திட மாட்டோம் என்று சொல்லி, வரவிருந்த சுமார் 4 கோடி டாலரை வேண்டாம் என்றது. ஒரு நாட்டு அரசால் அப்படிச் சொல்ல முடிந்தது. வாடகைக்கு ஓர் அறை எடுத்து நடத்தும் சங்கத்தால் முடியுமா?

ஒரு களப்பணியாளரின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். அவரும் பாசிட்டிவ்தான், பத்து வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவர்; அதனால்தான் அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்கிறார்கள். காலையில் ஒரு போன்: “அக்கா, மாத்திரை நாளையோடு தீருது, நான் சென்டருக்குப் போகமாட்டேன், எங்க சொந்தக்காரப் பொண்ணு அங்கதான் வேலை செய்யுது.” அவர் வேறொரு சென்டரில் பேசி, அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய், வரிசையில் நின்று, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் வைரல் லோடு பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வைத்து, பஸ் ஏற்றிவிட்டு வருகிறார். மதியம் புதிதாக பாசிட்டிவ் என்று தெரிந்த ஒரு பையன் ஒரு வார்த்தையும் பேசாமல் இரண்டு மணி நேரம் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். இவரும் உட்கார்ந்திருக்கிறார். ராத்திரி பதினொரு மணிக்கு, பையில் ஆணுறை இருந்ததைக் காரணம் காட்டி போலீஸ் பிடித்துவைத்த இரண்டு பேருக்காக ஸ்டேஷன் வாசலில் நிற்கிறார். ஆணுறையை இவர்தான் கொடுத்திருந்தார்.

மாத அறிக்கையில் இவர் நிரப்ப வேண்டிய கட்டங்கள்: எத்தனை பேரைச் சந்தித்தீர்கள், எத்தனை பரிசோதனை, எத்தனை பாசிட்டிவ், எத்தனை ஆணுறை. அன்றைய நாளில் அந்தக் கட்டங்களில் ஏறக்கூடியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. பையன் எதிரில் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரத்துக்குக் கட்டம் இல்லை. ஸ்டேஷனுக்குப் போன ஆட்டோ காசுக்குத் தலைப்பு இல்லை. ஆனால் அந்தப் பெண் மாத்திரையை விடாமல் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவின் மூலம் அவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. தொற்று பரவாமல் நிற்பது இப்படிப்பட்ட நாட்களால்தான்.

இந்த வேலைக்குத் தேவைப்படும் பணத்துக்கு மானிய உலகில் ‘கோர் ஃபண்டிங்’ என்று பெயர். திட்டத்தோடு கட்டிப்போடாத பணம். வாடகை, கரண்ட் பில், கணக்கு எழுதுகிறவரின் சம்பளம், வக்கீல் ஃபீஸ், ஆட்டோ காசு என்று எது முக்கியம் என்பதைச் சங்கமே தீர்மானிக்கும். கொடுக்கிறவர்களுக்குப் பிடிக்காத பணமும் இதுதான், ஏனென்றால் இதைக் காட்டி ஒரு போட்டோகூட எடுக்க முடியாது. இருந்தும் சிலர் துணிந்தார்கள். கரீபியன் பகுதியில் எச்.ஐ.வி. உரிமைகளுக்காகப் போராடி 2011-இல் இறந்த ராபர்ட் காரின் பெயரில் 2012-இல் ஒரு நிதியம் தொடங்கியது. பல அரசுகளும் அறக்கட்டளைகளும் ஒரே பானையில் பணம் போடுகின்றன. அதிலிருந்து மிகவும் ஒதுக்கப்பட்ட மக்களின் வலையமைப்புகளுக்கு, பல வருடங்களுக்குச் சேர்த்து, கோர் செலவுக்கென்றே கொடுக்கிறார்கள். அதே 2012-இல் வந்த ரெட் அம்ப்ரெல்லா ஃபண்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. பாலியல் தொழிலாளர் சங்கங்களுக்கு மட்டும் பணம் தரும் அந்த நிதியத்தில், யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கும் குழுவில் பாலியல் தொழிலாளர்களே பெரும்பான்மை. எந்த ஊர்ச் சங்கம் நிஜமாக வேலை செய்கிறது, எது தாளில் மட்டும் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

வழக்குக்கும் பிரசாரத்துக்கும் போகும் பணத்தை வீண் என்று நினைக்கிறவர்களுக்குத் தென்னாப்பிரிக்காவைச் சொல்ல வேண்டும். 1998 டிசம்பரில் ஸாக்கி அஹ்மத்தும் நண்பர்களும் தொடங்கிய ‘ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன்’ நன்கொடையில் வளர்ந்த இயக்கம். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தை எல்லா அரசு மருத்துவமனைகளிலும் கொடுக்க மறுத்த தங்கள் அரசை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். 2002 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மருந்து விலைக்கு எதிராகவும் தெருவில் நின்றார்கள். 2000 வாக்கில் ஒருவருக்கு ஒரு வருட மருந்து பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001 பிப்ரவரியில் இந்திய கம்பெனியான சிப்லா 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. இன்று 45 டாலருக்குள் கிடைக்கிறது. நன்கொடைப் பணத்தில் மாத்திரையாக வாங்கிக் கொடுத்திருந்தால் எத்தனை பேருக்குத்தான் கொடுத்திருக்க முடியும்? வக்கீலுக்கும் ஊர்வலத்துக்கும் போனதால் அரசே கொடுக்க வேண்டிய நிலை வந்தது. இத்தனை செய்த அந்த இயக்கமே 2014-இல் பணமில்லாமல் மூடும் நிலைக்கு வந்து, பொதுமக்களிடம் கையேந்தித்தான் பிழைத்தது. கொடுத்துக்கொண்டிருந்தவர்களின் கவனம் அதற்குள் வேறு பக்கம் போயிருந்தது.

பெரிய பணம் சரியாகவும் போகலாம். கேட்ஸ் அறக்கட்டளை 2003-இல் இந்தியாவின் ஆறு மாநிலங்களில் தொடங்கிய ‘அவாஹன்’ என்ற எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்துக்குப் பத்து வருடத்தில் சுமார் 34 கோடி டாலர் செலவானது. எழுதப் படிக்கத் தெரியாத பாலியல் தொழிலாளர்களும் களப்பணியாளர்களாக வேலை செய்ய வேண்டும் என்பதால், படங்களை வைத்தே பதிவேடு தயாரித்தார்கள். தன் பகுதியில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு இந்த வாரம் ஆணுறை போய்ச் சேரவில்லை, யாரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று களப்பணியாளரான பெண் படக்குறிகளைப் பார்த்தே சொல்லிவிடுவார். போலீஸ் அடித்தால், ரவுடி மிரட்டினால் உடனே ஓடிவர ஒரு குழு. ‘தி லான்செட்’ குழும இதழில் 2013-இல் வந்த ஆய்வு, பத்து வருடத்தில் ஏறக்குறைய 6 லட்சம் தொற்றுகளை இந்தத் திட்டம் தடுத்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. பிறகு திட்டம் படிப்படியாக அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. நன்கொடையாளர் வெளியேறப் போகிறார் என்றால் வருடக்கணக்கில் முன்கூட்டியே சொல்லி, கைமாற்றிவிட்டுப் போகவேண்டும் என்பதற்கு இதை உதாரணம் காட்டுவார்கள். நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாத்திரையும் ஆணுறையும் அரசுக் கணக்குக்குச் சுலபமாக மாறும். போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடும் குழு அப்படி மாறாது. அரசே அரசை எதிர்த்து ஆள் வைக்காது.

சொல்லாமல் வெளியேறினால் என்ன ஆகும் என்பதற்கு ருமேனியா இருக்கிறது. உயர் நடுத்தர வருவாய் நாடாகிவிட்டதால் இனி தகுதியில்லை என்று, எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு எதிராகப் பல நாடுகள் சேர்ந்து பணம் போடும் சர்வதேச நிதியமான குளோபல் ஃபண்டின் எச்.ஐ.வி. பணம் 2010-இல் அங்கே நின்றது. ஊசி கொடுத்துக்கொண்டிருந்த திட்டங்கள் சுருங்கின, அரசு அந்த இடத்துக்கு வரவில்லை. அதே சமயம் அடிக்கடி ஊசி போட்டுக்கொள்ளத் தூண்டும் புதுவகைப் போதைப் பொருட்களும் சந்தைக்கு வந்திருந்தன. 2010-இல் அந்நாட்டின் புதிய எச்.ஐ.வி. நோயாளிகளில் ஊசிப் பழக்கத்தால் வந்தவர்கள் சுமார் 3 சதவீதம். 2013-இல் ஏறக்குறைய 30 சதவீதம். நாட்டின் சராசரி வருமானம் உயர்ந்தது உண்மைதான். ஊசிக்காக வந்து நின்றவர்களின் வருமானம் அதில் உயர்ந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

2025-இல் இது உலக அளவில் நடந்தது. ஜனவரி 20 அன்று அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி ஏறக்குறைய முழுவதையும் 90 நாள் நிறுத்தி வைத்தது. சில நாட்களில் வேலையை நிறுத்தும்படி உத்தரவுகள் போயின. உயிர் காக்கும் சிகிச்சைக்கென்று பிறகு விலக்கு வந்தது. அந்த விலக்கைப் படித்தால் யார் கணக்கில் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது தெரியும். தொற்று வராமல் தடுக்கும் ‘ப்ரெப்’ மாத்திரைக்கு கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் மட்டும் அனுமதி. அவர்களுக்குக் கிடைத்தது நல்லதே. ஆனால் ப்ரெப் அதிகம் தேவைப்படும் ஆண்களும் திருநங்கைகளும் பாலியல் தொழிலாளர்களும் அந்த வரியில் இல்லை. அவர்களுக்கென்று தனியாக நடந்த சின்ன கிளினிக்குகள் பல நாடுகளில் முதலில் மூடின. அரசு மருத்துவமனைக்குப் போங்கள் என்றார்கள். அங்கே போக முடியாததால்தானே அந்தக் கிளினிக்குகளே வந்தன. குளோபல் ஃபண்டும் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட மானியங்களில் 143 கோடி டாலரைக் குறைத்தது. அந்த நவம்பரில் அடுத்த மூன்று வருடத்துக்கு 1,800 கோடி டாலர் கேட்டு, 1,134 கோடிக்கு வாக்குறுதி கிடைத்தது.

இவ்வளவு பெரிய பள்ளத்தை அறக்கட்டளைகளால் நிரப்ப முடியாது. அவர்களே ஓரிரண்டு தூண்களில்தான் நிற்கிறார்கள்: எச்.ஐ.வி.க்கான தனியார் நன்கொடையில் பெரும்பகுதி வருவது கேட்ஸ் அறக்கட்டளையிடமிருந்தும் ஜிலியட் என்ற மருந்துக் கம்பெனியிடமிருந்தும்தான். மருந்து விற்பவரே சங்கங்களுக்கும் பணம் கொடுக்கும்போது, மருந்து விலையைப் பற்றி அந்தச் சங்கங்கள் எவ்வளவு சத்தமாகப் பேச முடியும் என்ற கவலை நியாயமானது. வாங்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சம்பளம் இல்லாமல் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறவரிடம் அதைச் சொல்லும் உரிமை எனக்கில்லை. பத்துப் பேரிடமிருந்து சிறிது சிறிதாக வாங்கும் சங்கத்துக்கு முதுகெலும்பு நேராக இருக்கும் என்று மட்டும் சொல்வேன். மேக் என்ற அழகுசாதனக் கம்பெனி 1994 முதல் ஒரு லிப்ஸ்டிக் வரிசையின் விற்பனைப் பணம் முழுவதையும் இந்தப் பணிக்கு ஒதுக்கி 50 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. கொடுத்த ஒவ்வொருவரும் கொடுத்தது ஒரு லிப்ஸ்டிக்கின் விலை.

அந்த ஜிலியட் கம்பெனி கண்டுபிடித்த, எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் லெனகாபவிர் ஊசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டால் போதும். 2024-இல் வெளிவந்த ஆப்பிரிக்கப் பரிசோதனையில் இந்த ஊசி போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி. தொற்றவில்லை. அமெரிக்காவில் வருடத்துக்கு 28,218 டாலர் என்று விலை வைத்தார்கள். கேட்ஸ் அறக்கட்டளையும் கிளிண்டன் ஹெல்த் ஆக்சஸ் அமைப்பும் இந்திய மருந்துக் கம்பெனிகளோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களால், 2027 முதல் 120 ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில் இது வருடத்துக்கு 40 டாலருக்குக் கிடைக்கும். நன்கொடைப் பணம் செய்யக்கூடிய மிகச் சிறந்த காரியங்களில் இதுவும் ஒன்று.

முதல் ஊசியைப் போட்டுக்கொண்டவர் 26 வாரம் கழித்து இரண்டாவது ஊசிக்கு வரவேண்டும். அதற்குள் அவர் வீடு மாறியிருப்பார், நம்பர் மாறியிருக்கும், தொழில் செய்யும் இடம் போலீஸ் தொல்லையால் மாறியிருக்கும். இப்போது எங்கே இருக்கிறார் என்பது அந்தக் களப்பணியாளருக்குத்தான் தெரியும். அவருடைய ஒரு வருட ஒப்பந்தம் அதற்குள் முடிந்திருக்கும்.